சும்மா எடுத்துட்டுப் போங்க

இஸ்ஃபஹானில் பள்ளி வேன் ஓட்டும் பெண்களில் பெரிய கோபக்காரி யாரென்று கேட்டால் மனீஜேயைத்தான் காட்டுவோம். நானும் வேன் ஓட்டுகிறவள்தான், எனக்கும் வாய் நீளம். ஆனால் அவள் கோபத்தில் நியாயம் இருந்தது.

அவள் மகள் கோல்நாருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தலைக்குள் கருவி வைத்தபின்தான் பேச்சு வந்தது, பள்ளிக்கும் போனாள். தலைக்கு வெளியே ஒட்டிக்கொள்ளும் வட்டின் ஒயர் போன மாதம் அறுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. இப்படியே விட்டால் வந்த பேச்சும் போய்விடும் என்றார் டாக்டர்.

எங்கள் நாட்டின் மேல் போட்ட பொருளாதாரத் தடை மருத்துவச் சாமான்களுக்குக் கிடையாதாம். என்ன பெரிய மனசு! பணம் அனுப்ப ஒரு வங்கியும் முன்வராது, அப்புறம் சாமான் எப்படி வரும்? அணு உலை வேண்டும், குண்டு வேண்டும் என்று இந்தப் பிள்ளையா கேட்டது? வியன்னாவில் அணுப் பேச்சுவார்த்தை என்று எங்கள் ஆட்களும் தடை போட்டவர்களின் ஆட்களும் சிரித்துச் சிரித்துக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நாசமாய்ப் போக!

நானும் அவளும் காதுக் கருவி விற்கும் சொஹ்ராபியின் கடைக்குப் போனோம். ஒயர் அலமாரியிலேயே இருந்தது. மனிதர் டீவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்கு விக்கிறதில்லம்மா. பேச்சுவார்த்தை முடியட்டும். முறிஞ்சா டாலர் எங்கயோ போயிடும், மறுபடி சரக்குக்கு நான் எங்க போவேன்?"

"என் பொண்ணுக்குக் காது கேக்கலங்க!"

"புரியுதும்மா. உங்களுக்கு இல்லாததா? கடையே உங்களுதுதான், சும்மா எடுத்துட்டுப் போங்க. விக்க மட்டும் சொல்லாதீங்க."

எங்கள் கடைக்காரர்கள் எல்லோரும் மரியாதைக்குச் சொல்வதுதான். வந்தவர்கள் 'ஐயோ, வேண்டாங்க' என்று மறுக்க வேண்டும். மனீஜே மறுக்கவில்லை. அலமாரியைத் திறந்தாள், ஒயரை எடுத்தாள், பழைய விலையை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"திருடி! பிடிங்க அவளை!" என்று சொஹ்ராபி பின்னாலேயே ஓடிவந்தார். கடைத்தெருவே கூடிவிட்டது.

"சும்மா எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னீரா இல்லையா? எல்லார் முன்னாலயும் சொல்லும்!" என்று மனீஜே திரும்பி நின்று கேட்டாள்.

"அது... ஒரு பேச்சுக்கு..."

"அப்படிப் போடும்! உம்மையும் வியன்னாவுக்கே அனுப்பியிருக்கலாம். அங்கயும் எல்லாம் பேச்சுக்குத்தான்!"

பக்கத்துப் பிஸ்தாக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "வாய்விட்டுச் சொன்னியாய்யா? அப்ப விடு, நம்ம தெரு மானத்தை வாங்காத."

சொஹ்ராபியின் முகம் செத்துப்போனது. "எடுத்துட்டுப் போங்கம்மா... உங்களுக்கு இல்லாததா," என்று முனகினார்.

வீட்டில் மனீஜே ஒயரை மாட்டி, மகளின் தலையில் வட்டை ஒட்டினாள். பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து டீவியில் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மனீஜேக்குத் தலைக்கேறிவிட்டது. அவர்களையும் இவர்களையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

கோல்நார் முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா இப்படிக் கத்துற?"

மனீஜே சட்டென்று நின்றாள். பிறகு மகளின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு, முன்னைவிடப் பெரிதாகக் கத்தினாள்.

"கேக்குதாடி?"