பர்வீனின் ஆன்டிபாடியும் மல்லிகாவின் ஐஸும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கும்மிடிப்பூண்டி ரயில் திருவொற்றியூரைத் தாண்டியதும் நின்றது. நின்றது என்றால்... ஒரு மணி நேரத்துக்கும் மேல்! நல்ல உச்சி வெயில்.

அவசரத்தில் ராயபுரத்தில் நான் ஏறியது, மீன்காரப் பெண்கள் கூடையோடு வரும் பெட்டி. அங்கே பர்வீன்! எங்கள் மாடி வீட்டுப் பெண். இந்த ரயில் போகும் வழியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார். மடியில் ஒரு தெர்மோகோல் பெட்டி. தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முகம் வாடிக்கொண்டே வந்தது.

“ஐஸ் கரைஞ்சிருச்சுக்கா. சூடு ஏறினா இது வீணாயிரும்.”

உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு குப்பி. அதில் சில சொட்டு ஆன்டிபாடி. இன்னொரு ஆய்வகத்தில் கெஞ்சி வாங்கியது. புதிதாக வரவழைக்க ஒரு மாதம் ஆகும். அவர் வளர்த்து வைத்திருக்கும் செல்கள் அதுவரை காத்திருக்குமா?

எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண் மல்லிகா கேட்டார்: “இன்னாமா, கொயந்த மாதிரி மடில வச்சிகினு கீறே? மருந்தா?”

“மருந்தில்லக்கா. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள சேர்ற குப்பையைத் தானே தின்னு சுத்தம் பண்ணும். அந்த வேலையில ஒரு புரோட்டீன் இருக்கு. இது போய் அதுமேல ஒட்டிக்கும். மைக்ராஸ்கோப்ல பச்சைப் புள்ளியா தெரியும். அந்தச் சுத்தம் சரியா நடக்கலன்னா கை நடுக்க வியாதி வரலாம்னு சொல்றாங்க. நான் சோதிக்கிற ஒரு மருந்து அதைச் சரிபண்ணுதான்னு இதை வச்சுத்தான் பார்க்கணும்.”

மல்லிகா கூடையைத் தள்ளி வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

“என் வூட்டுக்காரருக்கு அதான். டம்ளர் புடிக்க முடில. இத்தால சரியாவுமா?”

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பர்வீன் சொல்லவில்லை. “இல்லக்கா. இப்ப இல்ல. எப்பன்னும் தெரியாது.”

மல்லிகா கூடைமேல் இருந்த சாக்கை விலக்கினார். மீனுக்கு மேலிருந்த ஐஸில் பாதியை அள்ளி பிளாஸ்டிக் பையில் கட்டி நீட்டினார்.

“அக்கா, உங்க மீன் கெட்டுரும்...”

“என் மீனு இன்னிக்கு வித்துப்புடும். உன்து எப்பன்னு உனக்கே தெர்ல. வச்சிக்கோ!”

குப்பி பிழைத்தது. பத்து நாள் கழித்து பர்வீன் என்னிடம் போனில் காட்டினார் — இருட்டில் பச்சைப் புள்ளிகள், சின்னதும் பெரியதுமாக. அழகாக இருந்தன. ஆனால், அவர் சோதித்த மருந்தைக் கொடுத்த செல்லிலும் கொடுக்காத செல்லிலும் ஒரே எண்ணிக்கையில்தான் புள்ளிகள். மருந்து ஒன்றும் செய்யவில்லை. மூன்று வருட உழைப்பு!

அழுவார் என்று நினைத்தேன். “மல்லிகாக்காகிட்ட சொல்லணும், வர்றீங்களா?” என்றார்.

மல்லிகா அன்று இறங்கிய விம்கோ நகரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பர்வீன் நேராகவே சொல்லிவிட்டார்: “பலிக்கலக்கா.”

மல்லிகா அவரையே பார்த்தார். “ஆஸ்பத்திரில யாரும் எங்களாண்ட நின்னு பேசறதே இல்ல. நீ வூடு தேடிகினு வந்து இல்லன்னு சொல்றே. குந்து.”

கட்டிலில் இருந்த அவர் கணவர் எழுந்து வந்தார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, பாதி தளும்ப, தானே கொண்டுவந்து நீட்டினார். யாரும் உதவிக்குப் போகவில்லை. பர்வீனும் இரண்டு கையால்தான் வாங்கிக் குடித்தார்.

தோற்ற கதையைச் சொல்லப் போகிற இடத்தில்கூட இப்படி மரியாதை கிடைக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் ஒன்று... பர்வீனுக்கு டீயே பிடிக்காது!