எழுதி முடித்த பிறகு பாடப்பட்ட பாட்டு

சென்ற வாரம் லண்டன் வெம்பிளியில் ரயிலுக்காக நின்றபோது நடைமேடைச் சுவரில் ஒரு விளம்பரத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்றோல் நிலையமொன்றின் முன்னால் நீலச் சீருடை அணிந்த ஒரு பெண் வாயைத் திறந்தபடி நிற்கிறாள். புதிய அமெரிக்க ஓபரா, உலகிலேயே முதல் மேடையேற்றம் என்று கீழே எழுதியிருந்தது. அமெரிக்கர்களின் புது ஓபராக்களில் அரசர்கள் அதிகம் வருவதில்லை என்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். பெற்றோல் நிலையம் வரும், சிறைச்சாலை வரும், சாலையோரத்து உணவகம் வரும். சாகிறவர்கள் மட்டும் பழைய வழக்கப்படி நெடுநேரம் பாடிவிட்டுத்தான் சாகிறார்கள்.

பசை காயவில்லை. அந்த மணத்துக்கு நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகம் நினைவுக்கு வந்தது. இதே வெம்பிளியில், ஒரு மளிகைக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகள். அரங்கேற்றம் நடத்துகிறவர்கள் கொண்டுவரும் விளம்பரங்களை எல்லாம் சுவரில் ஒட்டுவோம். பழையதைக் கிழிக்காமல் அதன்மேலேயே ஒட்டுவோம். காலப்போக்கில் அந்தச் சுவர் தடித்து, ஆணி அடித்தால் சத்தமே கேட்காத நிலைக்கு வந்திருந்தது. கீழே கடைக்காரர் மட்டன் ரோல்ஸ் பொரிப்பார். பசையும் எண்ணெயும் கலந்த மணம் எங்கள் சட்டைகளில் இருந்தது. நாங்கள் எழுதியவற்றிலும் இருந்திருக்கும்.

வாரப் பத்திரிகை. புதன்கிழமை அச்சுக்குப் போகும், வெள்ளி மதியம் கடைகளுக்கு வரும். லண்டன் தமிழர்களின் விழாக்களோ சனி ஞாயிறில்தான் நடக்கும். நடந்த பிறகு எழுதினால் அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டும்; அதற்குள் எல்லாரும் வீடியோவே பார்த்து முடித்திருப்பார்கள். ஆகவே ஆசிரியர் குணம் அண்ணை ஒரு முறை வைத்திருந்தார். சனிக்கிழமை அரங்கேற்றத்துக்குப் புதன்கிழமையே விமர்சனம் எழுதிவிடுவோம். பதவர்ணத்தில் பாவம் மிளிர்ந்தது, தில்லானாவில் அரங்கம் அதிர்ந்தது. யாரும் கோபித்ததில்லை. வெள்ளிக்கிழமை அதை வாசித்துவிட்டுச் சனிக்கிழமை அதே நிகழ்ச்சிக்குப் போவார்கள். ஆடப்போகும் பிள்ளை தன் விமர்சனத்தை ஒப்பனை அறையில் வாசித்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அரங்கேற்றத்தில் என்ன வரும், எதன் பின் எது வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. இந்த முறை ஒருநாளும் பிழையாய்ப் போனதில்லை.

தர்சிகா வரும் வரை.

தர்சிகா மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோப் பிள்ளை. தகப்பன் நவம் அண்ணை விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. மகளைச் சின்ன வயதில் கர்நாடக சங்கீதத்துக்கு அனுப்பினார். அவள் கல்லூரியில் மேற்கத்திய ஓபராப் பக்கம் போய்விட்டாள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. யாராவது கேட்டால் “மகள் மியூசிக் ஒஃபீஸ் ஒண்டில வேலை” என்பார். அவள் மேடையில் பாடி அவர் கேட்டதே இல்லை. அன்றைக்கென்று பார்த்து ஷிப்ட் இருக்கும்.

அவளுக்கு ஓர் அமெரிக்க ஓபராவில் இடம் கிடைத்தது. அமெரிக்க ஓபரா எதற்காக லண்டனில் முதலில் மேடையேறுகிறது என்று நானும் கேட்டேன். அங்கே கிடைக்காத மேடை இங்கே கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தென் லண்டனில் பழைய பொது நீச்சல் குளம் ஒன்றை மூடிப் பலகை அடித்து நாடக அரங்காக்கியிருந்தார்கள். கதை, அணைக்கட்டு நீரில் மூழ்கப்போகும் ஓர் அமெரிக்கச் சிற்றூரைப் பற்றியது. தர்சிகா அங்கே உணவகத்தில் வேலை செய்யும் பெண். அவளுக்கு ஒரேயொரு தனிப்பாட்டு.

இந்த முறை நவம் அண்ணை ஷிப்டை மாற்றிவிட்டார். வான் பிடித்து உறவினர்களையும் கூட்டிவரப் போவதாகச் சொன்னார்.

அலுவலகத்தில் என்னிடம் மட்டும் நல்ல கோட் ஒன்று இருந்ததால் ஓபராவுக்குரிய நிருபர் நானானேன். வெள்ளி மாலை மேடையேற்றம். “அண்ணை, இது புது வேலை. ஒருத்தரும் இன்னும் கேக்கேல்லை. என்னெண்டு முதலே எழுதிறது?” என்று கேட்டேன்.

குணம் அண்ணை கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: “ஒரு மேடை, ஒரு பிள்ளை, முன்வரிசையில ஒரு தேப்பன். இதில புதுசு என்ன இருக்கு? எழுதும்.”

எழுதினேன். ‘தர்சிகா பாடிய தனிப்பாடலைக் கேட்டு அரங்கம் எழுந்து நின்று கரவொலி எழுப்பியது’ என்ற வரியை அவரே சேர்த்தார். பத்திரிகை அச்சுக்குப் போனது.

வியாழக்கிழமை மாலை தர்சிகா தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணா, என்ர பாட்டைக் கட் பண்ணிட்டாங்கள்.”

புது ஓபராவின் இயல்பு அன்றுதான் எனக்கு விளங்கியது. பழைய ஓபராவில் பாட்டுகள் எப்போதோ முடிவானவை. புதியதில் இசையமைப்பாளர் உயிரோடு, கையில் பென்சிலோடு, ஒத்திகையில் உட்கார்ந்திருப்பார். ஒஹையோவிலிருந்து வந்திருந்த அந்த மனிதர் முதற்பாகம் நீளம் என்று கண்டு, கதைக்கு அவசியமில்லாத பாட்டு எதுவெனத் தேடியிருக்கிறார்.

“பேப்பர் அடிச்சாச்சு, தர்சிகா” என்றேன்.

“நான் பாட்டைச் சொல்லுறன், நீங்க பேப்பரைச் சொல்லுறியள்!” அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “அப்பா முதல் தரமா வாறார். நான் ரெண்டு பிளேட்டைத் தூக்கிக்கொண்டு உள்ள போறதைப் பாக்கவோ? அதோட நிப்பாட்டிடுவார், அண்ணா. இனி வரமாட்டார்.”

“அப்பாட்ட நான் சொல்லட்டே?”

“வேண்டாம். ஒண்டும் சொல்லாதேங்கோ.”

மறுநாள் அவளுடைய தொலைபேசி அணைத்திருந்தது. மாலையில் நான் போனபோது நவம் அண்ணை அரங்க வாசலில் நின்றார். கோட்டுப் பையில் எங்கள் பத்திரிகை மடித்திருந்தது. “தம்பி, வானுக்குள்ள எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். சனம் எழும்பி நிக்குமாம் எண்டு என்ர மச்சாள் இப்பவே சீலையைச் சரிபண்ணுறா” என்றார். என்னைத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்திக்கொண்டார். நான் நல்ல கோட்டுக்குள் வியர்த்தேன்.

முதற்பாகம் ஓடியது. தர்சிகா இரண்டு தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள், ஒரு வரி பாடினாள், உள்ளே போனாள். நவம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்தேன். உணவகக் காட்சி முடிந்து, விளக்கு மங்கி, கறுப்புத் திரை விழுந்தது. அடுத்தது தேவாலயக் காட்சி என்று எனக்குத் தெரியும். திரைக்குப் பின்னால் எதையோ இழுக்கும் சத்தம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

திரையின் ஓரத்திலிருந்து தர்சிகா ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினாள்.

நடந்ததைப் பின்னர் அவளே சொன்னாள். வெள்ளி மதியம் பாட்டில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உணவகத்தைக் கழற்றித் தேவாலயத்தை நிறுத்த மேடைத் தச்சர்களுக்கு நேரம் போதவில்லை. பாதிரியார் பாட வந்தபோது தேவாலயத்தின் பாதிச் சுவர்தான் வந்திருந்தது. அதில் முட்டை விலை எழுதிய பலகையும் தொங்கியது. மேடை நிர்வாகி ஒரு குட்டையான பெண்மணி. இசையமைப்பாளரிடம் போய், ஒன்றில் அந்தப் பாட்டு வேண்டும், இல்லையேல் தேவாலயம் கிடையாது என்றிருக்கிறார். அவர் பென்சிலைத் திருப்பி, பாட்டின் மேல் தான் கிழித்திருந்த கோட்டை அழிறப்பரால் அழித்தாராம். கலை காரணமாக வெட்டப்பட்ட பாட்டு தச்சு வேலை காரணமாகத் திரும்பி வந்தது.

அந்தப் பாட்டில் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் காலியாகிவிட்டது, அந்தப் பெண் கதிரைகளைக் கவிழ்த்தபடி வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் வழக்கமாகக் கேட்கும் சாப்பாட்டைச் சொல்கிறாள். ஒருவருக்கு முட்டை இரண்டு, மஞ்சள் உடையக் கூடாது. ஒருவருக்குப் பாண் துண்டைக் கருக வாட்ட வேண்டும். ஒருவர் கோப்பி மட்டும். மனைவி இறந்த பிறகும் அவர் இரண்டு கோப்பை கேட்பார். தர்சிகாவின் குரல் எங்கும் உயரவில்லை. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் நின்று சொல்லிக்கொண்டே போனது. நான் குறிப்பெடுக்கவில்லை. அதைப் பற்றி ஏற்கனவே எழுதியிருந்தேனே.

பிறகு நின்றது. யாரும் கைதட்டவில்லை. உலகத்தில் ஒருவரும் அதற்கு முன் கேட்டிராத பாட்டு. முடிந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? நவம் அண்ணை என் காதருகே குனிந்து, “முடிஞ்சுதோ?” என்றார்.

“தெரியேல்லை அண்ணை.”

திரைக்குப் பின்னால் கனமான ஏதோ ஒன்று தொம்மென்று இடத்தில் வந்து நின்றது. தேவாலயம். தர்சிகா கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இடைவேளையில் நவம் அண்ணை மச்சாளைப் பார்த்து, “இவ்வளவு படிச்சது முட்டை ஓடர் எடுக்கவோ?” என்றார். சொல்லிவிட்டு முகத்தைக் கைலேஞ்சியால் இரண்டு தரம் துடைத்தார். அடுத்த வாரம் இரண்டாவது காட்சிக்குத் தனியாகப் போனதாகக் கேள்வி.

உள்ளதை உள்ளபடி ஒரு பத்தியாவது எழுதிவிடலாமென்று திங்களன்று கேட்டேன். “அது போட்ட செய்தி. திருப்பிப் போட்டா பழசு” என்றார் குணம் அண்ணை.

அந்த ஓபரா பிறகு எங்கும் மேடையேறவில்லை. புது ஓபராக்களில் பலவற்றுக்கு முதல் மேடையேற்றமே கடைசியும்கூட. ஒலிப்பதிவு இல்லை. நீச்சல் குளம் இப்போது அடுக்குமாடி வீடுகள். எங்கள் பத்திரிகை நின்றுபோனது; கட்டுக்கட்டாக இருந்த பழைய பிரதிகளைக் கடைக்காரர் ரோல்ஸ் சுற்றித் தீர்த்தார். நடக்காததை நடந்ததாக எழுதிய அந்த வாக்கியமும் எண்ணெய் ஊறிப் போய்ச் சேர்ந்தது. அதில் எனக்கு நிம்மதிதான். தர்சிகா ஜேர்மனியில் ஓர் ஓபரா அரங்கில் நிரந்தரமாகப் பாடுகிறாள். நவம் அண்ணை ஓய்வுபெற்ற பிறகு புதிய நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் விமானம் ஏறிப் போகிறார்.

சில மாதங்களுக்கு முன் ஹவுன்ஸ்லோவில் மீன் கடையில் அவரைக் கண்டேன். காது கொஞ்சம் மந்தம். அந்த முதல் நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. கடையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னார்: “பிள்ளை பாடி முடிய சனம் எல்லாம் எழும்பி நிண்டதெல்லே, தம்பி? நீரும் பக்கத்தில இருந்தனீர்.”

கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓம் அண்ணை,” என்றேன். “எல்லாரும் எழும்பி நிண்டவை.”