இஸபெல் மெக்கே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்

பெல் அன்ரி இறந்துபோன செய்தி எனக்கு, ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில், ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் வந்தது. மகள் வாணி தொலைபேசியில், "அப்பா, பெல் அன்ரி போயிட்டா. காலமை தேத்தண்ணியோடை கதிரையிலை இருந்தபடியே," என்றாள். எண்பத்து நான்கு வயது. நோய் நொடி இல்லாத சாவு. "நல்ல சாவு, பிள்ளை" என்று சொல்ல வாயெடுத்தவன் சொல்லவில்லை. எனக்கு வந்தது கவலை அல்ல, பயம். இத்தனை காலமும் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் இனிப் பார்க்கமாட்டார் என்ற பயம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். பல்லைக் காட்டாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவருடைய முழுப்பெயர் இஸபெல் மெக்கே. என் மருமகன் அன்றூவின் தகப்பனுக்கு அக்கா. இதை வாசிப்பவர்களில் பலர் அவரை வாணியின் கலியாணத்தில் கண்டிருப்பீர்கள். என் மனைவி சரோ உடுத்திவிட்ட ஊதாச் சேலையோடு, பந்தியில் பக்கத்தில் இருந்தவர்களிடம் எத்தனை சகோதரர், யார் யார் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்த உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி. அவருடைய மூதாதையர் ஸ்கொட்லாந்தின் தீவு ஒன்றிலிருந்து கப்பலில் வந்து, ஒன்ராறியோவில் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். அந்தச் சந்ததி இன்று ரொறன்ரோ, விட்பி, ஹலிஃபக்ஸ், நியூசிலாந்து என்று சிதறிக் கிடக்கிறது. அன்ரி கலியாணம் செய்யவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றின் காரியாலயத்தில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், சிதறிய அத்தனை பேரையும் முறைவைத்துத் தொலைபேசியில் அழைப்பார். வருடத்தில் ஒருமுறை, கோடையில், எல்லாரையும் ஓர் ஏரிக்கரைக்குக் கூப்பிடுவார்.

அதை ஊர்ப்பெருமை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒருநாள் சரோ விளையாட்டாக, உங்கள் ஆண்கள் அந்தக் கட்டம்போட்ட பாவாடை கட்டுவதில்லையா என்று கேட்டாள். "கட்டட்டும். அதுக்கு முதல் உயிரோடை இருக்கட்டும்," என்றார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்குள் அது எங்கள் தமிழில்தான் கேட்கிறது. கேட்கிறபடியே எழுதுகிறேன்.

அவரை நான் முதன்முதலில் தனியாகச் சந்தித்தது கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது. நான் அப்போது நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் இடையில் வீட்டில் தனியாக இருந்த நேரம் மணி அடித்தது. வாசலில் அன்ரி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தேநீர் கொடுத்தேன், தொடவில்லை. கையில் மடித்த ஒரு கடதாசி.

"எனக்கு அலெக் எண்டு ஒரு தம்பி இருந்தவன். பதினேழு வயசு. மீன் மாதிரி நீந்துவான். காத்தில்லாத ஒரு பின்னேரம், நிண்ட தண்ணியிலை, சத்தமில்லாமல் தாண்டு செத்துப்போனான். நீந்தத் தெரிஞ்சவன் ஏன் தாழுறான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

தசை பிடித்திருக்கும் என்று வீட்டார் சொல்லி முடித்துவிட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஹலிஃபக்ஸில் ஒன்றுவிட்ட சகோதரி ஒருத்தியின் மகள் நீச்சல் வகுப்பில் மயங்கி விழுந்தாள். அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். இதயத்தை ஓடவைக்கும் மின்சாரத்தில் பிறப்பிலேயே ஒரு பிழை இருக்கிறது, நீந்தும்போதும் ஓடும்போதும் அது இதயத்தைக் குழப்பிவிடும், இது பரம்பரையாக வருவது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அன்றுதான் அன்ரி தொலைபேசியைக் கையில் எடுத்தார். தொடர்பு விட்டுப்போன கிளைகளையெல்லாம் தேடிப்பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்: உங்கள் வீட்டில் யாராவது தண்ணீரில் போனார்களா? மேசையில் விரித்த கடதாசியில் குடும்ப மரம் இருந்தது. சில பெயர்களைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அவர்கள் தண்ணீரில் போனவர்கள்.

"மெக்கே ஆக்களுக்குத் தண்ணி ராசியில்லை எண்டுதான் நாங்கள் சொல்லிக்கொண்டு திரிஞ்சம்," என்றார். பிறகு, "அன்றூ இன்னும் சோதிச்சுப் பாக்கேல்லை. தகப்பனுக்கு விருப்பமில்லை. அவனிட்டை இருந்தால், பிள்ளையளுக்கும் பாதிக்குப் பாதி வரலாம். கலியாணத்தை நிப்பாட்டச் சொல்ல நான் வரேல்லை. உங்கடை பிள்ளை தெரியாமல் எங்கடை வீட்டுக்கு வரக்கூடாது."

நாலு நாள் நான் யாருக்கும் சொல்லவில்லை. பேருந்தில் ஏறும் ஒவ்வொரு இளைஞனும் விழப்போகிறான் என்று தோன்றியது. கண்ணாடியில் அவர்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மண்டபம் பதிவாகியிருந்தது. கலியாணக் கடிதமும் கொடுத்தாயிற்று. யாரிடம் என்ன சொல்லி நிறுத்துவது, நிறுத்தாமல் விட்டு எப்படி நித்திரை கொள்வது? ஐந்தாம் நாள் சரோ வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கடை ஆக்களெண்டால் தாலி கட்டி முடியுமட்டும் வாய் திறந்திருக்க மாட்டினம். அந்த மனுசி ரெண்டு பஸ் மாறி வந்து சொல்லியிருக்கிறா. நீங்கள் நாலு நாளாய் அதை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்."

அன்றைக்கே வாணியிடம் சொன்னோம். அவள் அன்றூவைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனாள். அவனிடமும் அது இருந்தது. தினமும் மாத்திரை எடுத்தால், தண்ணீரில் கவனமாக இருந்தால் வாழலாம் என்றார்கள். "அப்ப இருப்பம்," என்று வாணி சொன்னாள். கலியாணம் நடந்தது.

அன்றூவின் தகப்பன் டொனால்ட் விட்பியிலிருந்து வந்தார். மண்டபத்தின் அடுத்த மூலையில் இருந்துகொண்டு தமக்கையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அக்கா எங்கடை குடும்பத்தை ஆசுப்பத்திரி ஆக்கிப்போட்டா," என்று என்னிடம் மட்டும் சொன்னார். மகனுக்கு வந்தது தன்னிடமிருந்துதான் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திராது. இருந்தும் தான் சோதித்துப் பார்க்கமாட்டேன் என்று நின்றார்.

பேத்தி மாயா பிறந்து சில வாரங்களில் அவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பல மாதம் நான் அந்தக் குழந்தையைத் தூக்கப் பயந்தேன். நித்திரையில் அசையாமல் கிடந்தால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் அப்படிக் குனிந்து நின்றபோது பின்னால் அன்ரி வந்து நின்றார். நான் விரலை எடுத்துவிட்டேன்.

"வெக்கப்படாதேங்கோ. நானும் பாக்கிறனான்," என்றார். "பயத்தைச் சும்மா இருக்க விட்டால் அது ஆளைத் திண்டுபோடும். அதுக்கு ஒரு வேலை குடுக்கவேணும்."

அவர் தம் பயத்துக்குக் கொடுத்த வேலைகளை ஏரிக்கரையில் கண்டேன். வாடகை வீட்டு முகப்பில், நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார். சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் ஒரு தலையணையை நெஞ்சாக நினைத்து இரு கைகளாலும் அமர்த்திப் பழகவேண்டும். யார் அமர்த்துவது, யார் மூச்சுக் கொடுப்பது, யார் பெட்டி எடுப்பது என்று ஆளுக்கொரு பொறுப்பு. இளசுகள் சிரிப்பார்கள், அன்ரி சட்டை செய்யமாட்டார். பழக்கம் முடிந்ததும் கரையில் கதிரையைப் போட்டு, தண்ணீரைப் பார்த்தபடி பின்னேரம் வரை இருப்பார். உதடுகள் அசைந்துகொண்டே இருக்கும். செபம் என்று நினைத்தேன். தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மாயாவுக்கு ஆறு வயதானபோது டொனால்டும் பேத்திக்காக அங்கே வந்தார். தலையணையை இரண்டு தரம் அமர்த்திவிட்டு, "இது செத்துப்போச்சு," என்று எல்லாரையும் சிரிக்கவைத்தார். அன்ரி அவருக்குப் பெட்டியை ஒதுக்கினார்.

சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் இருக்கும். மாயா தண்ணீரில்கூட இல்லை. கரை மணலில் மற்றப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு ஓடினாள். ஓடியவள் மடிந்து விழுந்தாள். விளையாட்டுக்கு விழுந்தாள் என்றே நினைத்தேன். கதிரையிலிருந்து அன்ரியின் குரல் வந்தது. அவர் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதுபோல், "அன்றூ, மாயா. வாணி, மூச்சு. டொனால்ட், பெட்டி," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் றோட்டுக்கு."

எனக்கு ஒதுக்கியிருந்த வேலை அதுதான். பிரதான வீதிக்கு ஓடிப்போய் அம்புலன்ஸ் வழி தவறாமல் மறிப்பது. என் பேத்தி மூச்சில்லாமல் மணலில் கிடக்க, நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினேன். அந்த வீதியில் நின்ற நேரத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மரங்களுக்குப் பின்னால் ஏரிப்பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அழுகுரல் கேட்டால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். கேட்காமல் இருந்ததையும் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இரண்டு தரம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து வண்டி தாண்டிப் போய்விட்டால்? அங்கேயே நின்றேன். வந்தது. கையைக் காட்டி, முன்னால் ஓடி வழி காட்டினேன். மரங்களைத் தாண்டியபோது மாயா வாணியின் மடியில் வாந்தி எடுத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். டொனால்ட் வெறுங்காலோடு, சரளைக்கல் கிழித்த இரத்தத்தோடு, பெட்டிக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தார். அன்றூ அமர்த்த, அவர் கொண்டுவந்த பெட்டி ஒருதரம் அதிர்ச்சி கொடுத்திருந்தது.

வைத்தியசாலை விறாந்தையில் டொனால்ட், தானாகவே வந்து தமக்கையின் பக்கத்தில் இருந்தார். நான் எழும்பப் பார்த்தேன். "இருங்கோ," என்றார்.

"அண்டைக்கு நான்தான் அலெக்கைப் போட்டிக்குக் கூப்பிட்டனான். பயந்தாங்கொள்ளி எண்டு சொன்னனான். அவன் அதுக்குத்தான் தண்ணியிலை இறங்கினவன்."

அன்ரி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும், டொனால்ட். நீ கரைக்கு வந்த முகத்தைப் பாத்தனான். அவன்ரை இதயத்திலை பிழை இருந்தது. அது உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இதைச் சொல்லத்தான் இத்தினை வருசமாய் உனக்கு போன் எடுக்கிறன். நீ வைச்சிடுவாய்."

டொனால்ட் அந்தக் கிழமையே சோதனைக்கு இரத்தம் கொடுத்தார். அவரிடமும் இருந்தது. மாயாவின் நெஞ்சில் இப்போது ஒரு சிறு கருவி இருக்கிறது. ஒன்பது வயதாகிவிட்டது. என்னைவிட வேகமாகப் பேசுகிறாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் டொனால்ட் தமக்கையின் பெயர்ப் புத்தகத்தை மேசையில் வைத்து, அழைக்கவேண்டிய வீடுகளைப் பிரித்தார். பெரும்பகுதி வாணிக்கும் அன்றூவுக்கும். எனக்கும் மூன்று வீடு தந்தார். நான் மெக்கே இல்லையே என்றேன். "நிக்கச் சொன்ன இடத்திலை நிண்ட ஆள் நீங்கள்," என்றார்.

அந்த மூன்று பெயர்களையும் அவருடைய பயத்தையும்தான் நான் பெல் அன்ரியிடமிருந்து வைத்திருக்கிறேன். பயம் எனக்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் அதற்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முதலாவது அழைப்பை எடுத்தேன். அல்பேர்ட்டாவில் ஒருவர். சோதனை செய்யச் சொல்லி அன்ரி எழுதிய கடிதங்களுக்கு அவர் பதிலே போட்டதில்லை என்று புத்தகத்தில் குறிப்பு இருந்தது. மூன்றாம் தரம் மணி அடித்தபோது எடுத்தார். என் ஆங்கிலத்தைக் கேட்டு ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்திருக்கவேண்டும்.

"ஆர் நீங்கள்?" என்றார்.

"உங்கடை சொந்தக்காரன்," என்றேன்.

அவருக்குப் பின்னால், வீட்டு முற்றத்து நீச்சல் குளமாக இருக்கவேண்டும், பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டது.

"தயவுசெய்து வைக்காதேங்கோ," என்றேன்.