அம்மா சொன்னதில் பாதி

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அந்த மாதிரி நிகழ்ச்சி ஏதாவது வந்தால் அம்மா சேனலை மாற்ற விடமாட்டாள். ஒரு நடிகர், பின்னால் வயலின், நடுவில் கலங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பம், திரையின் அடியில் வங்கிக் கணக்கு எண். நான் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவேன். "உனக்கு நன்றியே கிடையாதுடி" என்பாள். அது உண்மையில்லை. நன்றி மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொன்னால் அதுவும் உண்மையில்லை.

அம்மா இன்று டி.வி. பார்த்துக்கொண்டிருப்பதே அப்படி ஒரு நிகழ்ச்சியால்தான்.

அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மருத்துவ ஆய்வகப் படிப்பு. அப்பா ஜீயபுரத்தில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிறவர். அம்மா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலையில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் சொந்தத்திலேயே கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பஸ்ஸில் அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்கு மேலேதான் தொங்கவிட்டுக்கொள்வேன், எல்லாருக்கும் தெரியட்டும் என்று.

ஒருநாள் களத்தில் மூச்சு முட்டி அம்மா உட்கார்ந்துவிட்டாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். காப்பீட்டு அட்டை போக மீதிக்கு எங்களிடம் வழியில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவர் இரக்கப்பட்டு டி.வி.க்காரர்களிடம் எங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

படப்பிடிப்பு திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அம்மா ஒரு பெரிய சீப்பு பூவன் பழம் கொண்டுவந்திருந்தாள். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஐயோ, இதைக் கேமராவுல காட்டாதீங்கம்மா. வசதியான வீடு மாதிரி தெரியும்." பழம் ஒரு நாற்காலிக்கு அடியில் போனது. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ப்ளஸ் டூவோட படிப்பு நின்னு போச்சுன்னு சொல்லிடுங்க."

"நான் காலேஜ் போறேனே சார்."

"தெரியுங்க. காலேஜ்னு சொன்னா ஜனங்க, 'அதான் பொண்ணு சம்பாதிக்கப் போகுதே'ன்னு விட்டுடுவாங்க. அம்மா உசிரு முக்கியமா, இது முக்கியமா?"

அவர் கெட்டவர் இல்லை. எது காசாகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படிப்பு நின்றுபோனது என்று என் வாயால் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லி அம்மாவை இழக்கவும் முடியாது. கேட்டால் பேசாமல் தலையைக் குனிந்துகொள்வது என்று தீர்மானித்தேன்.

மேடையில் நடிகர் அம்மாவுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, தன் மெத்தை நாற்காலியை அவரே தூக்கி வந்து போட்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அம்மா அவரைத் "தம்பி" என்றுதான் கூப்பிட்டாள். கேமரா ஓடத் தொடங்கியதும் அவர் என்னிடம் கேட்டார்: "அம்மாவுக்கு முடியாம போனதால படிப்பு நின்னு போச்சாம்மா?"

நான் குனிந்தேன். ஒருங்கிணைப்பாளர் என்னிடம் பேசியது அம்மாவுக்குத் தெரியாது.

"யாரு தம்பி அப்படிச் சொன்னா? நான் செத்தாலும் எம் புள்ள படிப்பு நிக்காது. இப்பவே ஊசி போட்டு ரத்தம் எடுக்கக் கத்துக்கிட்டா, தெரியுமா? கையக் குடுங்க, உங்களுக்கே எடுப்பா."

நடிகர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருங்கிணைப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் எனக்குள் ஒரு குதியாட்டமும் இருந்தது.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. நடிகர் கேட்கிறார், நான் குனிகிறேன், அம்மாவின் முகம் திரை முழுக்க வருகிறது. "நான் செத்தாலும்..." அவ்வளவுதான். வயலின். அடுத்து நடிகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவர் சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் அது.

தெரு அழுதது. அம்மா மட்டும் டி.வி.யை நோக்கிக் கையை நீட்டி, "மீதி எங்கடி? முழுங்கிட்டானுவளே!" என்று கேட்டாள்.

மறுநாள் வகுப்பில் தோழி, "நீதான் படிப்ப நிறுத்திட்டியாமே? அப்ப என் பக்கத்துல உக்காந்திருக்கிறது உன் ஆவியா?" என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் அட்டையைத் துப்பட்டாவுக்குள் விட்டுக்கொண்டேன். டி.வி.யில் பார்த்தவர்கள் யாராவது கேட்டுவிட்டால்?

பணம் வந்தது. முகம் தெரியாத எத்தனையோ பேர் அனுப்பினார்கள். அறுவை சிகிச்சையும் நடந்தது. நடிகர் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு போன் செய்து விசாரித்ததாக நர்ஸ் சொன்னார். அங்கே எந்தக் கேமராவும் இல்லை. அவர்மேல் முழுசாகக் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் காலையில் சர்க்கரை பார்க்க ஒரு மாமி வந்தார். கையில் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிக்கொண்டிருக்கும்போது என்னையே பார்த்தார்.

"நீ டி.வி.ல வந்த பொண்ணோன்னோ? அந்தக் கன்னத்து மச்சம் எனக்கு மறக்கலை. அம்மா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க மாமி."

"பெருமாள் கிருபை. 'நான் செத்தாலும்'னு சொல்லி நிறுத்தினாளே, ஆத்துல அத்தனை பேரும் அழுதோம். பென்ஷன் வந்த அன்னிக்கே பணம் அனுப்பிட்டேன்." அப்புறம்தான் என் வெள்ளைக் கோட்டைக் கவனித்தார். "ஆமா, படிப்பு நின்னுடுத்துன்னாளே?"

ஊசி உள்ளே இருந்தது. குழாய் நிறைந்ததும் உருவினேன். பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கச் சொன்னேன். கடவுளிடம் சொல்வதுபோல, அம்மா உயிரைக் காப்பாற்றியவர்களில் ஒருவரிடம் வாய்விட்டு நன்றி சொல்ல இதுதான் சந்தர்ப்பம். "ஆமா மாமி, அப்புறம் எப்படியோ படிச்சேன்" என்று சொன்னால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் என் வாய்க்கு அது வரவில்லை.

"ரொம்ப நன்றி மாமி. ஆனா படிப்பு நிக்கலை. அப்பவே காலேஜ்லதான் இருந்தேன்." அம்மா சொன்னதை முழுசாகச் சொன்னேன், ரத்தம் எடுக்க நடிகரிடமே அவள் கையைக் கேட்டது வரைக்கும்.

மாமி சிரிக்கவில்லை. மடக்கிய கையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். 'அதனால என்னடிம்மா, அப்பவும் குடுத்திருப்பேன்' என்று சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"இத முழுசா கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். "சத்தியமா தெரியலைடிம்மா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர்மேல் மரியாதை கூடியது. அந்தச் சங்கதியில் என்னிடம் யாரும் வெட்டாமல் ஒட்டாமல் பேசியது அதுதான் முதல் முறை.

பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது.

"வலிக்கவே இல்லை. ரிசல்ட் எப்போ வரும்?"

"மத்தியானம் வந்துடும் மாமி."

"யார் பார்த்துச் சொல்லுவா?"

"நான்தான் மாமி," என்றேன். "டெஸ்ட் பண்றதும் நான்தான், கீழே கையெழுத்துப் போடுறதும் நான்தான்."