மரம் பதினேழு

ஜோசப் ஏமாற்றுகிறார் என்று டொக்டர் ராகவன் முடிவு கட்டிய அன்று, அதற்குச் சான்றாக அவர் கையில் இருந்தது நான் செய்து கொடுத்த ஒலிநாடா.

எண்பதுகளின் கடைசி. லண்டனில் பறவைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றின் நிலக்கீழ் அறையில் எனக்கு வேலை. கிழக்கு ஆபிரிக்காவில் ஒரு தேசியப் பூங்காவிலிருந்து ஒலிப்பதிவுக் கசெட்டுகள் வரும். அவற்றைச் சுத்தம் செய்து பெரிய ரீலில் ஏற்றி மேல்மாடிக்குக் கொடுக்க வேண்டும். பிறகு கசெட்டுகளை அழிகருவியில் வைத்து வெறுமையாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே கசெட்டுக்குத் தட்டுப்பாடு. நான் லூயிஷாமிலிருந்து ரயிலில் வந்து, நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு இருந்துவிட்டுப் போவேன். எங்கள் ஊரில் பிணந்தின்னிக் கழுகு இல்லை. ஒன்றைக்கூட நேரில் பார்க்காமலே அவற்றின் இறக்கையடிச் சத்தத்தை வைத்து எத்தனை என்று சொல்லப் பழகியிருந்தேன்.

ஜோசப் அந்தப் பூங்காவின் கள உதவியாளர். கழுகுக் கூடு உள்ள மரங்களுக்கெல்லாம் எண் போட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மரத்தின் எண், நேரம், தன் பெயர், உயிருள்ள கழுகுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பிறகு பத்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். ஒரு மரத்துக்கு ஒரு கசெட். கருத்து, கதை எதுவும் கூடாது. முட்டைத் திருடர்களுக்குப் பயந்து, கூடுகளைப் பற்றிப் பூங்காவில் வேறு யாரிடமும் பேசவும் கூடாது. இந்த விதியை எழுதியவர் மேல்மாடியில் இருந்த டொக்டர் ராகவன். சென்னைக்காரர், பறவைகளில் பெரிய கெட்டிக்காரர், விதியை மீறினால் பொல்லாதவர். இரண்டு வருடமாக என் கணவரின் குரலைவிட ஜோசப்பின் குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். அதில் அலுப்பு வந்ததில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வந்த பன்னிரண்டு கசெட்டிலும் ஒரே கணக்கு. கழுகு இல்லை.

"பவானி, இதக் கேளுங்க," என்றார் டொக்டர். "காத்து இல்ல, பூச்சி இல்ல, ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்ல. வெளியில நின்னு எடுத்த டேப்பா இது? ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு 'கழுகு இல்ல, கழுகு இல்ல'ன்னு சொல்லிட்டிருக்கான்."

"முந்தி எல்லாம் ஒழுங்காத்தானே அனுப்பினவர், டொக்டர்."

"ஆமா, முன்னாடி அனுப்பினான். இப்போ சோம்பேறி ஆயிட்டான். வெள்ளிக்கிழமை ஃபேக்ஸ் போடப் போறேன். வேற ஆளப் போடட்டும்."

வேலை போனால் பூங்காவுக்குள் ஜோசப் குடும்பத்தோடு இருந்த வீடும் போய்விடும். அது டொக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு வேறொன்றும் தெரியும், அதை அப்போது சொல்லத் துணிவு வரவில்லை. அந்த ஒலிநாடாக்கள் அவ்வளவு சுத்தமாக இருந்ததற்கு நானும் காரணம். தாழ்ந்த சுருதிச் சத்தத்தை வெட்டும் பொத்தானை முழுக்கத் திருப்பி, மெல்லிய ஓசையை அடைத்துவிடும் கருவியையும் போட்டுத்தான் ஏற்றினேன். இரைச்சல் இல்லாத நாடா என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கீழே வந்து பார்த்தேன். பதினொரு கசெட்டை அழித்தாகிவிட்டது. பன்னிரண்டாவது மட்டும் தட்டில் கிடந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் நேரடியாகப் போட்டுக் கேட்டேன்.

"மரம் பதினேழு. காலை ஏழேகால். ஜோசப். உயிருள்ள கழுகுகள், இல்லை."

பிறகு ஒரு ரீங்காரம். மின்கம்பியில் ஏதோ பிழை என்று நினைத்து வயரைக் கழற்றி மாற்றினேன். சத்தம் போகவில்லை. மின்சார இரைச்சல் ஒரே சீராக நிற்கும். இது ஏறியது, இறங்கியது. திடீரென்று மைக்குக்குப் பக்கத்தில் வந்து, விலகிப் போனது. பின்னால் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர் மூச்சுவிடுவது கேட்டது. ஒருமுறை ஓங்காளம் வந்து அதை விழுங்கினார். ஆனால் பேசவில்லை. பத்து நிமிடமும் நின்றார்.

அந்தச் சத்தம் என்ன என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் மூன்று நாள் ஊரடங்கு முடிந்த காலை வாசல் படலையைத் திறந்தபோது, பிணங்கள் கிடந்த எங்கள் ஒழுங்கை முழுக்க அதுதான் கேட்டது. லண்டன் அறையில், பகல் பத்து மணிக்கு, கதவு திறந்திருக்கிறதா என்று இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

மேலே கொண்டுபோய் டொக்டரின் காதில் மாட்டினேன். மூன்றாவது நிமிடத்தில் அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஈயா? இவ்வளவு ஈயா?"

"ஓம் டொக்டர். அதுக்குள்ளதான் அவர் நிண்டவர். உயிரோட இருக்கிறதை மட்டும் சொல்லச் சொல்லி நாங்கள்தானே எழுதிக் குடுத்தனாங்கள்."

அவர் ஹெட்போனை மேசையில் வைத்தார். "மத்த பதினொண்ணையும் எடுத்துட்டு வாங்க."

"ஏலாது, டொக்டர். அழிச்சுப்போட்டன்."

ஃபேக்ஸ் அன்றைக்கே பூங்காக் காவல் அதிகாரிக்குப் போனது, ஜோசப்பை நீக்கச் சொல்லி அல்ல, பதினேழாம் மரத்தடியைப் போய்ப் பார்க்கச் சொல்லி. இரண்டு நாளில் பதில் வந்தது. பதினேழாம் மரத்துக்குக் கீழே பூச்சிமருந்து தடவிய எருமை உடல். அதைச் சுற்றிக் கழுகுகள், கழுத்தை நீட்டியபடி, விழுந்த இடத்திலேயே. தந்தத்துக்காக யானை கொல்லுகிறவர்களின் வேலை அது. செத்த யானைக்கு மேல் கழுகு வட்டமிட்டால் காவலர்கள் அதைப் பார்த்து வந்துவிடுவார்கள். அதனால் முதலில் கழுகுகளைத் தீர்த்துவிடுகிறார்கள்.

மற்றப் பதினொரு மரங்களுக்கும் ஜோசப் காவலர்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப நடந்தார். எல்லா இடத்திலும் எலும்பும் சிறகும்தான் மிச்சம். முதல் மரத்தில் நடந்து இரண்டு மாதமாகிவிட்டிருந்தது. முதல் கசெட்டிலேயே தெரிந்திருந்தால் காவலர்கள் மற்ற மரங்களுக்கு அந்தக் கொலைகாரர்களை முந்திப் போயிருப்பார்கள். ஒரு கழுகுச் சோடி வருடத்துக்கு ஒரு முட்டைதான் இடும். எத்தனை வருடக் குஞ்சுகள் போயின என்று டொக்டர் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் பேனாவை வைத்துவிட்டார்.

ஜோசப்பின் வேலை தப்பியது. விதியும் மாறியது, செத்ததையும் சொல்லலாம் என்று. அதன்பிறகு வந்த முதல் கசெட்டில் மரத்தின் எண்ணும் எண்ணிக்கையும் சொல்லி முடித்துவிட்டு, ஜோசப் முதல்முறையாக என்னோடு பேசினார்.

"லண்டனில் இதைக் கேட்கும் அம்மாவுக்கு. மற்ற மரங்களுக்குக் கீழேயும் நான் இப்படித்தான் நின்றேன். நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் பத்து நிமிடமும் நின்றேன். உங்களுக்குக் கேட்கவில்லையா?"

கேட்டது. முதல் கசெட்டில் ஐந்து விநாடி கேட்டது. இரைச்சல் என்று பொத்தானைத் திருப்பினேன். அதை அப்படியே எழுதி, மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். கருவியைத் தொடுமுன் மூல நாடாவை முதலிலிருந்து கடைசிவரை ஒருதரம் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களுக்காக நின்றுகொண்டிருக்கலாம்.