மஞ்சள் துணி சுற்றிய ஜாயிண்ட்

போன வாரம் விழுப்புரத்தில் என் பேத்திக்குக் காது குத்து. ஏசி மண்டபம். எல்லாரும் தட்டு தூக்கிக்கொண்டு உள்ளே போக, நான் மட்டும் சுவரில் இருந்த பிளக் பாயிண்டுகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனேன். சூடு தெரிகிறதா என்று பார்ப்பதுதான்.

"இன்னாங்க, செவுத்தத் தடவிக்கினு? சம்பந்தி வீட்ல பாக்கறாங்க" என்று என் மனைவி முறைத்தாள். இத்தனை வருஷமாக அவளிடமே சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் ஐந்தாவது தாண்டாதவன். ஆனால் திண்டிவனத்தில் என் கை படாத ரேடியோவோ ஆம்ப்ளிபையரோ கிடையாது. படித்துவிட்டு வந்தவர்களே கைகட்டி நின்று சந்தேகம் கேட்டிருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன், வேறெதற்கு?

அந்தக் காலத்தில் ஏழுமலை என்று ஒருவன், குயிலாப்பாளையத்துக்காரன், ஆரோவில்லில் தோட்டவேலை. ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் அவனுக்கு ஒரு கிதாரையும் வால்வு வைத்த ஆம்ப்ளிபையரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவற்றை வைத்துக்கொண்டு அவன் விசேஷங்களில் வாசிப்பான்; ஆம்ப்ளிபையர் பெட்டி பழுதானால் என்னிடம்தான் வரும். சூடேறினால் அந்தப் பெட்டியிலிருந்து பழைய மர அலமாரி வாசனை வரும். சுவிட்சை அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும் ஜாதி அது. ஒரு முறை என்னைத் தூக்கி எறிந்திருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வேன். இரண்டு கையும் உள்ளே போனால் நெஞ்சு வழியாகப் பாயும்.

என் மகளுக்கு ஒரு வயதில் காது குத்து, கிளியனூரில், மாமியார் வீட்டு வாசலில். தென்னங்கீற்றுப் பந்தல். என் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவன் ஒயர் இழுப்பதா? நானே இழுத்தேன். ஒயர் பத்தவில்லை, பந்தல் நடுவில் ஒரு ஜாயிண்ட் போட வேண்டியதாயிற்று. கறுப்பு டேப்பை எடுத்தேன். மாமியார் வந்து நின்றார்.

"நல்ல காரியத்துல கொழந்த தலைக்கு மேல கறுப்பு சுத்திக்கினு இருக்கீங்களே மாப்ளே! எல்லாம் தெரிஞ்சவருன்னு பேரு!"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. மஞ்சள் தோய்த்துக் காயவைத்திருந்த துணியில் ஒரு பட்டை கிழித்து ஜாயிண்டில் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல் கீற்றுக்குள் செருகிவிட்டேன். அவசரத்தில் முறுக்கும் சரியாக விழவில்லை.

காலை பத்து மணிக்கு ஏழுமலை வாசிக்க ஆரம்பித்தான். மெதுவாக வாசித்தால் கணீரென்று இருக்கிறது. வேகம் பிடித்து அடித்தால் சத்தம் அப்படியே உள்ளே போகிறது. கையை எடுத்தால் திரும்பி வருகிறது.

"ண்ணா, இன்னாண்ணா இது, தொண்ட கட்டிக்குது?"

"உன் பொட்டி வீக்குடா. நவுரு."

இடது கை சட்டைப்பைக்குள் போயிற்று. வால்வை அமுக்கினேன், ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன், கிதார் சொருகும் ஓட்டையைச் சுரண்டினேன். கூட்டம் வேறு வேடிக்கை பார்க்கிறது, விடுவேனா?

"இன்னும் அடிடா. எங்க போவுதுன்னு பாக்கறேன். நல்லா அடி!"

அடித்தான். சத்தம் அமுங்கியது. அதே நேரம், குழந்தைக்காகக் கம்பத்தில் கட்டியிருந்த ஃபேனும் தளர்ந்தது. கையை எடுத்தான், ஃபேன் வேகம் பிடித்தது. கோளாறு பெட்டிக்குள் இருந்தால் ஃபேன் ஏன் தளர வேண்டும்? பெட்டி இழுக்க இழுக்க எங்கேயோ ஒரு ஜாயிண்ட் கரண்டைத் தின்றுகொண்டிருக்கிறது.

அப்போதுதான் வாசனை வந்தது. மஞ்சள் கருகும் வாசனை.

நிமிர்ந்து பார்த்தேன். ஜாயிண்டுக்கு நேர் கீழே தாய்மாமன் மடியில் என் மகள். ஆசாரி அவள் காதைப் பிடித்துவிட்டார். சுற்றி அத்தனை பெண்கள், குழந்தைகள். வெளியே போக ஒரே வழி. 'நெருப்பு' என்று கத்தினால் மிதிபட்டே செத்துப்போவார்கள்.

"ஏழுமல, கைய எடு" என்றேன். ஓடுவதுபோல் தெரியாமல் உள்ளே போய் மெயினை இறக்கினேன். திரும்பி வந்து பெஞ்சில் ஏறிக் கீற்றுக்குள் கையை விட்டேன். துணி கரிந்து, ஓரத்தில் சிவப்பாக ஒரு புழு ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் வைத்து நசுக்கினேன். கீழே என் மகள் வீறிட்டாள். காது குத்தியாயிற்று.

"இன்னாச்சு, பாட்டு நின்னுபோச்சு?" என்று நாலு பேர் கேட்டார்கள். ஏழுமலை என் மூடிய கையைப் பார்த்தான். விரலிடுக்கில் புகை.

"என் பொட்டிதாங்க பேஜாரு பண்ணிக்கினு இருக்குது" என்றான் உரக்க.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு அந்தப் பக்கத்து விசேஷங்களுக்கு அவனைக் கூப்பிடுவது குறைந்துபோயிற்று. பெட்டி கோளாறு என்று பேராகிவிட்டது. சொன்னவன் நானாயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்? கிதாரைக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனான் என்றார்கள். பிறகு தகவல் இல்லை.

இப்போது கீற்றுப் பந்தல் இல்லை, கிதாரும் இல்லை. விழுப்புரம் மண்டபத்தில் மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரப் பெட்டிகள் அதிர்ந்தன. கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் அவற்றின் சத்தம் ஒரு பொட்டுக்கூடத் தணியாது. என் பேத்தி மாமன் மடியில் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழுமலையின் பெட்டி அன்று நாலு முறை தொண்டை கட்டி என்னைக் கூப்பிட்டது. இந்தப் பெட்டிகள், எங்கேயாவது ஜாயிண்ட் கருகினாலும், கடைசிவரை கூப்பிடாது. நான் எழுந்துபோய் இன்னொரு முறை சுவரைத் தடவிவிட்டு வந்தேன்.