சம்பந்தி வீடும் என் சூத்திரமும்

ஊருக்கு இரண்டு ரோடு இருந்தால் யார் எந்த ரோட்டில் போவார் என்று கணக்குப் போட்டுச் சொல்வது எங்கள் தொழில். பெண்டாட்டி சொல்லியே கேட்காத மனிதர் எங்கள் சூத்திரத்தையா கேட்கப்போகிறார்? இந்தப் பிழைப்பில் மாட்டியவர்களுக்குப் புரியும்.

மரியாதைத் தொல்லை

தொண்ணூறுகளில் கோவைக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி மாணவன் நான். மேட்டுப்பாளையம் பக்கம் புதிதாக ஒரு நேர் ரோடு போட்டிருந்தார்கள். ஊர்களைச் சுற்றி வரும் பழைய ரோட்டுக்கு இனி யாரும் வரமாட்டார்கள் என்றது எங்கள் சூத்திரம். அது சரியென்றால் டவுன் பஸ்ஸையும் புது ரோட்டுக்கு மாற்றிவிடுவார்கள்.

சோதித்துப் பார்க்க, இரண்டு ரோடும் பிரிகிற இடத்து டீக்கடை முன்னால் நின்று வண்டிகளை மறித்துக் கேட்டேன். நம்ம ஊர்க்காரரிடம் நேரான பதில் வாங்கிவிட முடியுமா! மொபெட்டில் வந்த பாக்கு வியாபாரி இறங்கி, எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஏனுங்க, உங்களுக்கு எது தோதோ அதையே எழுதிக்குங்க."

பழனாத்தாள்

பழைய ரோட்டு ஸ்டாப்பில் மகளைக் காலேஜுக்கு பஸ் ஏற்றிவிட வருவார் பழனாத்தாள். வாசலிலேயே பஸ் வருகிறது என்பதால்தான் பெண்ணைப் படிக்க விட்டிருந்தார் வீட்டுக்காரர். என்னைக் கண்டாலே அந்த அம்மாவுக்குப் பயம்; என் கணக்கை வைத்துத்தான் பஸ்ஸை மாற்றுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "பஸ்ஸ மாத்திப்போட்டா எம்புள்ள படிப்பு நின்னுருங் கண்ணு."

படுதோல்வி

பாதிப் பேர் பதிலை வைத்துச் சூத்திரத்தைச் சீராக்கினோம், மீதிப் பேரை வைத்துச் சோதித்தோம். மண்ணைக் கவ்வியது. புது ரோட்டில் போகவேண்டியவர்களில் பலர் பழைய ரோட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஒரு தோப்புக்காரரைக் கேட்டேன். "புது ரோட்டு மேலயே எஞ்சம்பந்தி ஊடு இருக்குதுங்க. நிக்காம போனா மரியாதையில்லீங்க, நின்னா சாப்பிடாம உடமாட்டாங்க."

கிறுக்கர்கள்

தூரத்துக்கும் நேரத்துக்கும் சூத்திரத்தில் இடம் வைத்திருந்தோம், சம்பந்திக்கு வைக்கவில்லை. "இந்தக் கிறுக்கனுகளைக் கணக்குல இருந்து தூக்கிடுப்பா, பாஸாயிரும்" என்றார் பேராசிரியர். எனக்கு வந்ததே கோபம்! அவர் மட்டும் யோக்கியமா? குறுக்கு வழியில் மச்சான் கடை இருக்கிறதென்று தினமும் ஸ்கூட்டரில் சுற்றி வருகிறவர்தானே! கேட்டேவிட்டேன்.

மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். "செரி, எல்லாத்தையும் சேர்த்தே எழுது. சூத்திரம் ஃபெயிலு."

அதே ஸ்டாப்

பஸ் பழைய ரோட்டிலேயே ஓடியது. ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பழனாத்தாள் கூப்பிட்டு நிறுத்தினார். மகள் கடைசி வருஷம் படிக்கிறாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கணக்குத் தப்பாப் போனது எங்களுக்கு நல்லதாப் போச்சுங் கண்ணு."

என் சூத்திரங்கள் பிற்பாடு எத்தனையோ சோதனையில் தேறியிருக்கின்றன. கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லத்தான் யாரும் வரவில்லை.